பானையை யாரும் உயர்த்தவில்லை

சுடுமண்ணில் வேலை செய்யும் சமகாலக் கலைஞர் ஒருவரின் தனிக்காட்சி பெரிய கலைக்கூடம் ஒன்றில் திறக்கப்படும்போதெல்லாம் ஒரே பாராட்டு சொல் மாறாமல் எழுதப்பட்டு வருகிறது: கைவினையாகக் கிடந்த மட்கலத்தை இவர் சிற்பமாக உயர்த்திவிட்டார் என்பது அது. எழுதுபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். படிப்பவர்களும் அதைப் பெரிய மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பானை தாழ்ந்தது, சிற்பம் உயர்ந்தது, இரண்டுக்கும் நடுவே ஓர் ஏணி இருக்கிறது, திறமைசாலி பானையைக் கீழே விட்டுவிட்டு அந்த ஏணியில் ஏறிப்போகிறார் என்ற முழு நம்பிக்கையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது. கென்யாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் மாக்டலீன் ஓடுண்டோவின் கலங்களைப் பற்றியும் இதுவே சொல்லப்படுகிறது. அவருடைய 2019ஆம் ஆண்டுக் காட்சியை ஊன்றிப் பார்த்தால் இந்தப் பாராட்டு வரலாற்றின்படியும் தவறு, மண்ணின் இயல்பின்படியும் தவறு என்பது தெளிவாகும்.

‘பொருள்களின் பயணம்’ என்று பொருள்படும் தலைப்பில் அந்தக் காட்சி 2019 பிப்ரவரியில் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள ஹெப்வொர்த் வேக்ஃபீல்ட் கலைக்கூடத்தில் திறக்கப்பட்டு, பிறகு நாரிச் நகரின் செயின்ஸ்பரி மையத்துக்குச் சென்றது. ஓடுண்டோவின் வாழ்நாள் வேலையிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட கலங்கள் அதில் வைக்கப்பட்டன. அவற்றோடு, அவரே தேர்ந்தெடுத்த பொருள்களும் ஏராளமாக இடம்பெற்றன. பண்டைய கிரேக்க, எகிப்தியக் கலங்கள், ஆப்பிரிக்காவின் சடங்குப் பொருள்கள், எலிசபெத் காலத்து ஆங்கில உடை, ரொடான், டெகா, ஆர்ப், பார்பரா ஹெப்வொர்த் ஆகியோரின் சிற்பங்கள், லூசி ரீ, ஹான்ஸ் கோப்பர் ஆகியோரின் மட்கலங்கள் என்று அந்த வரிசை நீண்டது. 1950இல் நைரோபியில் பிறந்து, இந்தியாவிலும் கென்யாவிலும் பள்ளிப் படிப்பைப் பெற்று, விளம்பர ஓவியம் பயின்று, 1971இல் இங்கிலாந்துக்கு வந்து, அதன் பிறகே மண்ணைக் கையில் எடுத்த ஒருவரின் கண் எங்கெல்லாம் போய்வந்தது என்பதற்கான சாட்சியம் அது.

இந்தக் காட்சியை ஏணி நம்பிக்கையோடு பார்ப்பவர், ரொடானின் பக்கத்தில் இடம் கிடைத்ததால் பானைக்கும் மதிப்பு வந்துவிட்டது என்று வாசிக்கிறார். அருகில் வைப்பதால் மதிப்பு ஒட்டிக்கொள்ளும் என்றால், அது ஏன் சிற்பத்திலிருந்து பானைக்கு மட்டும் ஒட்ட வேண்டும் என்ற கேள்வியை அவர் கேட்பதே இல்லை. நடந்த வரலாறோ பெரும்பாலும் எதிர்த்திசையில் நடந்தது. வேக்ஃபீல்டுக்கு அருகிலேயே பிறந்த ஹென்றி மூர் 1921இல் மாணவராக லண்டனுக்கு வந்தபோது அவருக்குச் சிற்பம் கற்பித்ததில் பெரும்பங்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மெக்சிகோ, ஆப்பிரிக்க, எகிப்தியக் கூடங்களுடையது. பெயர் பதியப்படாத கைகள் செய்து வைத்த பொருள்களே அவருடைய தலைமுறைக்கு ஆசிரியர்களாக இருந்தன. அந்தக் கலைக்கூடம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த பார்பரா ஹெப்வொர்த், 1932இல் ஓர் இளஞ்சிவப்பு அலபாஸ்டர் கல்லைத் துளைத்து உள்வெளியைத் திறந்தார். பின்னர் உலகப் போரில் அழிந்துபோன அந்தச் சிறு சிற்பம், திடப்பொருளுக்குள் வெற்றிடத்தைக் கொண்டுவந்த நவீனச் சிற்பத்தின் திருப்பமாக இன்றும் பாடநூல்களில் போற்றப்படுகிறது. போற்றப்பட வேண்டியதுதான். ஆனால் வெற்றிடத்தைச் சுற்றி உருவம் எழுப்புவது மனிதக் கைகளுக்குப் புதிய செய்தி என்று சொல்லவே முடியாது. சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் ஷியன்ரன்டோங் குகையில் கிடைத்த மட்கலத் துண்டுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழைமையுடையவை. அத்தனை காலம் குயவர்கள் செய்துவந்த காரியத்தை இருபதாம் நூற்றாண்டில் சிற்பிகள் வந்தடைந்தார்கள் என்று எழுதுவதே நடந்ததற்கு நெருக்கமானது.

இந்த உள்வெளிதான் விவாதத்தின் மையம் என்பதால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கல்லில் வேலை செய்யும் சிற்பி வெளியிலிருந்து உள்ளே போகிறார். வேண்டாததை நீக்கி நீக்கி மேற்பரப்பைக் கண்டடைகிறார். கல்லின் நடுப்பகுதி கடைசிவரை யாராலும் தொடப்படாமல் இருக்கிறது. கையால் கலம் எழுப்புபவருக்கு ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயும் இருக்கிறது. உள்கை தள்ளுவதும் வெளிக்கை தாங்குவதும் சேர்ந்தே சுவர் உருவாகிறது. ஆகவே கலத்தின் வெளிவளைவு என்பது உள்ளிருந்து வந்த அழுத்தத்தின் வெளித்தோற்றம். மூச்சை இழுத்து நிறுத்திய உடம்பைப் போல அது உப்பி நிற்பது இதனால்தான். தமிழில் குடத்துக்கு வாய், கழுத்து, தோள், வயிறு, அடி என்று உடலின் பெயர்களையே சொல்லி வருகிறோம். வேறு பல மொழிகளிலும் அப்படியே. இதை வெறும் உவமை வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. தோலுக்குள் உள்வெளியைச் சுமந்து, ஒரு திறப்பின் வழியே வெளியுலகோடு தொடர்புகொள்ளும் உருவம் என்ற அளவில் உடம்பும் கலமும் ஒரே கட்டமைப்பு உடையவை. ஓடுண்டோவின் கலங்களில் வயிற்றின் மேல் தொப்புள் போலச் சின்னஞ்சிறு முடிச்சு எழுவதும், முதுகெலும்பின் கணுக்கள் போலச் சிறு மேடுகள் வரிசையாக இறங்குவதும், கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து வாய் அகல விரிவதும் இந்த ஒற்றுமையை அவர் எவ்வளவு கூர்மையாக அறிந்திருக்கிறார் என்பதைக் காட்டுகின்றன. பானையை விட்டு விலகி மனித உருவத்துக்கு அவர் போய்ச் சேரவில்லை. பானைக்குள் எப்போதும் இருந்த மனித உருவத்தை, பானையின் சொற்களிலேயே வெளிப்படுத்துகிறார்.

அப்படியானால் ஏணி எங்கிருந்து வந்தது? அது மிகவும் இளையது. பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பத்தோ 1746இல் வெளியிட்ட நூலில் கலைகளை மூன்றாகப் பிரித்தார்: பயனுக்கானவை, இன்பத்துக்கானவை, இரண்டுக்குமானவை. இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஆகியவை இன்பத்துக்கானவை, அதாவது நுண்கலைகள். கட்டடக்கலையும் சொற்பொழிவும் பயனும் இன்பமும் கலந்தவை என்று நடுவில் வைக்கப்பட்டன. 1790இல் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட், கலையைக் கைத்தொழிலிலிருந்து பிரித்து, முன்னது விளையாட்டைப் போலத் தன்னளவில் இனியது, பின்னது கூலிக்காக மட்டுமே ஈர்க்கும் உழைப்பு என்று வரையறுத்தார். இந்தப் பிரிவினைக்குள் இருக்கும் முரண்பாட்டைக் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மழைக்கு ஒழுகாமல் இருக்க வேண்டிய கட்டடத்துக்கு, பயன்படுகிறது என்ற காரணத்தால் கலைத்தகுதி மறுக்கப்படவில்லை. தண்ணீர் ஒழுகாமல் இருக்க வேண்டிய குடத்துக்கு அதே காரணத்தால் மறுக்கப்பட்டது. அரசர்களும் திருச்சபையும் கட்டடம் எழுப்பினார்கள், பானையைச் செய்தவர்களோ தெருக்கோடியில் இருந்தார்கள் என்பதைத் தவிர இந்த வேறுபாட்டுக்கு உறுதியான அடிப்படை எதையும் காண முடியவில்லை.

இருபதாம் நூற்றாண்டு இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல் இன்னும் முற்றவிட்டது. மார்செல் துஷாம்ப் 1917இல் கடையில் வாங்கிய பீங்கான் சிறுநீர்க்கலம் ஒன்றுக்கு ‘நீரூற்று’ என்று பெயரிட்டுக் காட்சிக்கு அனுப்பினார். 2004இல் பிரிட்டனில் 500 கலைத்துறையினரிடம் நடத்தப்பட்ட வாக்கெடுப்பில் நவீன காலத்தின் மிகச் செல்வாக்குள்ள படைப்பாக அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த முதற்பொருள் தொலைந்துபோயிற்று. இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் நிற்பது 1964இல் துஷாம்பின் மேற்பார்வையில் செய்யப்பட்ட மறுபிரதி. பழைய தொழிற்சாலைப் பீங்கானைப் போலத் தோன்றும்படி கைவினைஞர்கள் மண்ணில் செய்து, கண்ணாடிப்பூச்சு ஏற்றி, வண்ணம் தீட்டிய பொருள் அது. அதாவது, நூற்றாண்டின் தலைசிறந்த சிற்பக் கருத்தாகக் கொண்டாடப்படுவது, குயவர் கையால் செய்த சுடுமண் கலமாகவே நம் கண்முன் நிற்கிறது. தேர்ந்தெடுத்தவரின் பெயர் அதன் பக்கத்தில் இருக்கிறது. செய்தவர்களின் பெயர் இல்லை. தொழிற்சாலைக் கலத்தைத் தேர்ந்தெடுத்தால் அது கேள்வியின்றிச் சிற்பம், அதே மண்ணில் ஒருவர் மாதக்கணக்கில் உருவம் எழுப்பினால் அது சிற்பமாவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலையை எந்தக் கலைக்கோட்பாடும் நியாயப்படுத்த முடியாது.

ஏணிக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் வாதங்களில் மிக வலிமையானது பிரிட்டிஷ் தத்துவவாதி ஆர். ஜி. காலிங்வுட் 1938இல் ‘கலையின் கோட்பாடுகள்’ என்ற பொருள்படும் நூலில் எழுதியது. கைவினைஞருக்குத் தான் செய்யப்போவது முன்கூட்டியே தெரியும், திட்டம் முதலில், செயல் பிறகு; கலைஞரோ தான் சொல்ல வந்ததைச் செய்து முடித்த பிறகுதான் கண்டறிகிறார் என்பது அதன் சாரம். ஒரே பொருள் கைவினையாகவும் கலையாகவும் இருக்கக்கூடும் என்பதை காலிங்வுட் ஒப்புக்கொண்டிருந்தார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள்தான் அந்தப் பகுதியைத் தாண்டிப்போகிறார்கள். எப்படியானாலும், இந்த வரையறையை எடுத்துக்கொண்டு ஓடுண்டோவின் வேலைக்களத்துக்குள் போனால் அது அங்கே நிற்பதில்லை.

அவர் சக்கரத்தைப் பயன்படுத்துவதில்லை. மண் உருண்டையைக் குடைந்து மேலிழுத்து அடிப்பகுதியை எழுப்பி, அதன்மேல் கையால் உருட்டிய மண்திரிகளைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, ஒன்றோடொன்று இழைத்துச் சுவரை உயர்த்துகிறார். ஈரமண் தன் பாரத்தைத் தானே தாங்காது. கீழ்ச்சுவர் ஓரளவு இறுகிய பிறகே அடுத்த திரியை வைக்க முடியும். அதிகம் காய்ந்துவிட்டால் புதிய திரி ஒட்டாது. எனவே தோள் எங்கே திரும்ப வேண்டும், கழுத்து எந்தக் கோணத்தில் புறப்பட வேண்டும் என்ற முடிவை, மண் இடம்கொடுக்கும் அந்தச் சிறு இடைவேளையில்தான் எடுக்க முடியும். உருவம் முடிந்ததும் சுவர் சுரண்டி மெல்லிதாக்கப்படுகிறது. பிறகு கல்லாலும் தேய்கருவியாலும் மெருகேற்றப்படுகிறது. மிக நுண்ணிய களிமண்ணை நீரில் கரைத்த குழம்பு பூசப்பட்டு மறுபடியும் மெருகேற்றப்படுகிறது. கண்ணாடிப்பூச்சு எதுவும் கிடையாது; பளபளப்பு முழுவதும், தேய்ப்பில் களிமண்ணின் தட்டையான துகள்கள் ஒரே திசையில் படுத்துக்கொள்வதால் வருவது.

அடுத்தது சூளை. காற்று தாராளமாகக் கிடைக்கும் முதல் சூட்டில் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கலம் செம்மஞ்சளாகிறது. சில கலங்கள் அத்தோடு நின்றுவிடுகின்றன. மற்றவற்றுக்கு, எரிபொருளோடு மூடிவைத்து ஆக்சிஜனைக் குறைத்து இரண்டாம் சூடு கொடுக்கப்படுகிறது. இதை ஒடுக்கச் சூடு என்பார்கள். அப்போது இரும்பு தன் ஆக்சிஜனில் ஒரு பகுதியை இழக்க, புகையின் கரியும் மண்ணுக்குள் இறங்க, கலம் கறுக்கிறது. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்கலங்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வேதியியல் புதிதல்ல. ஒரே கலத்தில் காற்றுப் படாத இடம் கறுப்பாகவும் காற்றுப் பட்ட இடம் சிவப்பாகவும் ஆனதன் காரணம் இதுவே. ஓடுண்டோவின் கறுப்புக் கலங்கள் சிலவற்றில் தோளின் ஒரு பக்கத்தில் செம்மஞ்சள் நிறம் மேகம்போலக் கசிந்து படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். எந்த இடத்தில் எவ்வளவு என்பதை யாரும் வரைபடத்தில் குறித்துவைக்க முடியாது. அனுபவம் அந்த நிகழ்வைத் தயார்செய்கிறது, ஆனால் கட்டளையிடுவதில்லை. செய்து முடித்த பிறகே கண்டறிதல் என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டை காலிங்வுட்டின் சீடர்கள் எந்த ஓவியத்திலிருந்து கொண்டுவருவார்கள்? தன் படைப்புகள் பலவற்றுக்கு ஓடுண்டோ கவித்துவமான பெயர் எதுவும் சூட்டாமல், சமச்சீரானது, சமச்சீரற்றது, ஒடுக்கச் சூட்டில் கறுத்தது என்று வடிவத்தையும் சூட்டையும் மட்டுமே தலைப்பாக வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. அவர் வெட்கப்பட்டு மறைக்கும் எதுவும் அந்தத் தொழிலில் இல்லை.

பாராட்டின் இன்னொரு முகம் ஆப்பிரிக்காவைப் பற்றியது. பெயரற்ற கிராமத்துப் பெண்களின் பானையை எடுத்து, லண்டனில் கற்ற கல்வியால் தனிமனிதக் கலையாக அவர் மாற்றினார் என்பது கதை. இதில் தவறு இரண்டு பக்கமும் இருக்கிறது. 1974-75இல் ஓடுண்டோ நைஜீரியாவின் அபுஜா மட்கலப் பயிற்சி மையத்துக்குச் சென்று கையால் கலம் எழுப்பும் முறையைக் கற்றார். அந்த ஊர் இப்போது சுலேஜா என்று அழைக்கப்படுகிறது. அங்கே அவருக்கு முன் இருந்தவர்கள் பெயரற்றவர்கள் அல்லர். லாடி குவாலி, அசிபி இடோ, காண்டே உஷாஃபா என்ற பெயருடைய ஆசான்கள் அவர்கள். ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூ 1950இல் அபுஜா அமீரின் இல்லத்தில் லாடி குவாலியின் பானைகளைப் பார்த்து வியந்தது மையம் தொடங்குவதற்கு முன்பே. அதாவது, லாடி குவாலியின் ஊரார் அந்தப் பானைகளை யார் செய்தது என்று அறிந்தும், அரண்மனையில் வைக்கத் தக்கவை என்று மதித்தும் இருந்தார்கள். நைஜீரியாவின் 20 நைரா நோட்டின் பின்புறத்தில் இன்று அவருடைய உருவமே அச்சாகியிருக்கிறது. பெயர் இல்லாமல் இருந்தது ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் பதிவேட்டில்தான். பதிவேட்டின் குறையைக் குயவரின் குறையாக எழுதுவது பெரும் அநீதி. மறுபக்கம், ஓடுண்டோவை ஆப்பிரிக்க மரபு என்ற ஒற்றைப் பெட்டிக்குள் அடைப்பதும் பொருந்தாது. நியூ மெக்சிகோவின் சான் இல்டெஃபொன்சோ புவெப்லோவுக்குப் போய்க் கறுப்பு மட்கலம் சுடும் முறையைக் கவனித்தவர் அவர். கிரேக்க, ரோமானியக் களிமண் குழம்பின் நுட்பத்தை எடுத்துக்கொண்டவர். வேக்ஃபீல்டில் எலிசபெத் காலத்து ஆடையைத் தன் கலங்களுக்கு அருகே கொண்டுவந்து வைத்தவர்.

இதற்கு மாற்றாக அமெரிக்காவிலிருந்து ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. 1950களின் நடுப்பகுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பீட்டர் வூல்கஸ் களிமண்ணைக் கிழித்தும் குத்தியும் அடுக்கியும் பானையை உடைத்தெறிந்தார், அதனால் மண்ணுக்கு விடுதலை கிடைத்தது என்பது அது. கிழித்தார் என்பது உண்மை. ஆனால் அவர் தன் கடைசிக் காலம்வரை செய்துகொண்டிருந்தவை பெருந்தட்டுகளும், கிண்ணங்களும், கழுத்தும் தோளும் தெளிவாகத் தெரியும் பெரிய அடுக்குக் கலங்களுமே. கலத்தின் வடிவத்தைக் கண் அறிந்திருப்பதால்தான் அதன் கிழிசல் நெஞ்சில் படுகிறது. விடுதலைக் கதையை நிறுவனங்கள்தான் முழுமனதோடு நம்பின: நியூயார்க்கின் அமெரிக்கக் கைவினை அருங்காட்சியகம் 2002இல் பெயர் மாற்றிக்கொண்டு ‘கைவினை’ என்ற சொல்லைக் கைவிட்டது, அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற கலைக் கல்லூரி ஒன்றும் தன் பெயரிலிருந்து அதே சொல்லை நீக்கியது. ஒரு சொல்லை உயர்த்த விரும்புபவர்கள் அதை வாசற்பலகையிலிருந்து அழிப்பதில்லை.

ஓடுண்டோவின் கலங்கள் தண்ணீர் பிடிப்பதற்கானவை அல்ல, ஆகவே அவை பானைகளே அல்ல என்றொரு மறுப்பு எழும். கண்ணாடிப்பூச்சில்லாத மென்சூட்டு மண் நீரைக் கசியவிடும் என்பது உண்மைதான். ஆனால் பயன்பாட்டை ஒன்றின் இலக்கணமாக்கினால் ஓதுவார் இல்லாத கோயில் கோயிலாகாது, யாரும் குடியில்லாத வீடு வீடாகாது. பானையின் இலக்கணம் உள்வெளி, சுவர், திறப்பு ஆகிய மூன்றின் உறவு. அந்த உறவில் இந்தக் கலங்கள் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. உயர்த்தினார் என்ற சொல்லால் கலைஞருக்கு நல்ல விலையும் நல்ல இடமும் கிடைக்கிறதே, அதைக் கெடுப்பானேன் என்றும் கேட்கப்படலாம். அந்த நன்மை ஒருவருக்குக் கிடைக்கும்போது அதே வாக்கியம், அவருக்குக் கற்றுக்கொடுத்த எல்லோரையும் ஏணியின் அடியிலேயே நிறுத்திவைக்கிறது. அந்த விலை அதிகம்.

இன்னும் ஒரு வாதம் எஞ்சியிருக்கிறது. சிற்பம் என்பது சுற்றிவந்து பார்க்க வேண்டியது, ஒவ்வோர் அடியிலும் வேறொன்றாகத் தெரிவது. பானையோ எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றே, ஆகவே அதில் பார்ப்பதற்கு அதிகமில்லை என்பது அந்த வாதம். சுழலும் சக்கரத்தில் இழுத்த கலத்துக்கே இது முழுவதும் பொருந்தாது. கையால் எழுப்பிய கலத்துக்கோ சிறிதும் பொருந்தாது. லாடி குவாலி வேலைசெய்த முறையில் சுழல்வது பானை அல்ல. அது தரையில் அசையாமல் இருக்க, குனிந்தபடி, பின்னோக்கி அடியெடுத்து, அதைச் சுற்றிச் சுற்றி நடந்தவர் அவர்தான். ஒவ்வொரு சுற்றிலும் சுவர் ஒரு விரற்கடை உயர்ந்தது. அந்த மரபில் கற்றவரின் சாய்ந்த கழுத்துக் கலம் ஒன்றின் முன் வேக்ஃபீல்டில் நின்ற பார்வையாளருக்கு, ஒரு பக்கத்திலிருந்து அது தலைகுனிந்த பெண்ணாகத் தோன்றியிருக்கும். நான்கடி நகர்ந்தால் கழுத்து மறைந்து வயிறு மட்டும் தெரிந்திருக்கும். இன்னும் நான்கடி நகர்ந்தால் வாயின் விளிம்பு கத்தி முனைபோல மெலிந்து, அதற்குள்ளே வெளிச்சம் போய்ச் சேராத இருட்டு தெரிந்திருக்கும். பீடத்தைச் சுற்றிவந்த அந்தக் கால்கள், களிமண் ஈரமாக இருந்தபோது கலத்தைச் சுற்றி நடந்த கால்களின் வட்டத்தையே மறுபடியும் நடந்தன.